பாத்திமாவுக்கு அடைக்கலம்

மூன்றாவதாக அனுப்பிய பெண்ணும் நான்காம் நாளே திரும்பி வந்துவிட்டாள். கையில் ஒரு சீப்புக் கதலிப்பழம், ஒரு புதுச் சேலை, தூக்குச்சட்டியில் நெய்ச்சோறு. வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஷஃபீகாவுக்குப் போன் போட்டு, கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாத குரலில் சொன்னார்:

“மேடம், அங்கன என்ன குறைன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கா. ஒங்க உம்மாவைப் பாத்துக்கிடத்தான் இந்தப் புள்ளைய அனுப்புனோம். கடைசியில அவங்க இவளைப் பாத்துக்கிட்டாங்களாம். உக்காத்தி வச்சுச் சோறு போட்டிருக்காங்க, டீ போட்டுக் குடுத்திருக்காங்க, வேலையை மட்டும் செய்யவே விடலையாம். நாலாம் நாளு பஸ் ஏத்தி விட்டுட்டாங்க. இனிமே என்கிட்ட ஆள் கேக்காதீங்க, தாயே.”

ஷஃபீகா அப்போது பாளையங்கோட்டையில், வக்கீல் தில்லைநாயகத்தின் அலுவலகத்தில், ஒரு பிரமாணப் பத்திரத்தின் பாதியில் இருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் சத்தியங்களை டைப் அடிக்கிறவள் அவள். ‘மேலே சொன்னவை யாவும் எனக்குத் தெரிந்தவரை உண்மை’ என்ற வரியை அவள் விரல்கள் பார்க்காமலே அடிக்கும். போனை வைத்துவிட்டு அந்த வரியையும் அடித்து முடித்து, தாளை எடுத்து வக்கீலிடம் கொடுத்தாள்.

அவள் பிறந்தது ஏரல். வாப்பா மீரா முகைதீனுக்கு ஏரல் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை இருந்தது. பெருநாளைக்கு முந்தின நாள் கடை சாத்தும்போது விற்காமல் கிடக்கும் துண்டுத் துணியையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வீட்டிலோ, உம்மா ஹமீது பீவி ஆக்கும் சோற்றில் எப்போதும் இரண்டு பேருக்கு மிச்சம் இருக்கும். அந்த இரண்டு பேர் யாரென்று மத்தியானம் வரை யாருக்கும் தெரியாது. யாராவது வருவார்கள். கொடுத்துப் பழகிய கைகள் அவை. வாங்கிப் பழக்கமில்லை. வயதான காலத்தில் கடையை மூடியபோதுகூட, குவைத்தில் இருக்கும் மகன் ஆமிர் அனுப்புவதை அவர்கள் தயங்கித் தயங்கித்தான் எடுத்துச் செலவழித்தார்கள்.

ஷஃபீகா மேலப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் அனஸ் கடைத்தெருவில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து ஏரலுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய், ராத்திரி தங்கி வருவாள். செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம் என்று பஸ் நின்று நின்று போகும். “நீ பக்கத்துலதானே இருக்கே, ராத்தா” என்று ஆமிர் போனில் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு அந்த ஒன்றரை மணி நேரமும் மனசுக்குள் ஒருதரம் ஓடி முடியும்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. “ஆபீஸ்ல வேலை இருக்கும்மா, அடுத்த வாரம் வாரேன்” என்று சொன்னாள். வேலை ஒன்றுமில்லை. அசதியாக இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால அஸர் பாங்கு வரை நன்றாகத் தூங்கினாள். மறுநாள் விடியலில் சுபுஹு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போன ஹமீது பீவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தூக்கப் போன மீரா முகைதீனும் அவள் மேலேயே சரிந்தார். அவருக்கு வயது எண்பத்தொன்று, அவளுக்கு எழுபத்தாறு. எழுப்ப ஆளில்லாமல் இரண்டு பேரும் அந்த ஈரத்தரையில் கிடந்தார்கள். ஒன்பது மணிக்குப் பால் கொண்டுவந்தவர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துதான் தூக்கினார்.

உம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. திருநெல்வேலியில் வைத்து ஆபரேஷன் செய்து கம்பி வைத்து அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தபோது ஷஃபீகா ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தான் போயிருந்தால், வழக்கம்போல ராத்திரி தங்கி, விடியலில் முதல் பஸ் பிடிக்க எழுந்திருப்பாள். உம்மாவுக்கு முன்னால் அவள்தான் குளியலறைக்குப் போயிருப்பாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மீரா முகைதீன்தான் எல்லாம் செய்தார். கஞ்சி வைத்தார், துணி அலசினார், மனைவிக்குப் பெட்பேன் வைத்து எடுத்தார். “மேலப்பாளையத்துக்கு வாங்க” என்றால், “மருமவன் வீட்டுல போயிப் படுக்கவா?” என்றார்கள். “ஆள் போடுதேன்” என்றால், ஹமீது பீவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “வேத்தாளு கூலிக்கு எம் மேலைத் தொடணுமா? ஒங்க வாப்பா இருக்காருல்லா.” அப்படியும் மூன்று பேரை அனுப்பிப் பார்த்தாள். மூன்று பேரும் பழத்தோடும் சேலையோடும் திரும்பி வந்தார்கள்.

ஜனவரி கடைசியில் வாப்பாவின் கை நழுவி உம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் சரிந்துவிட்டாள். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் ஒரு ரூபாய் அகலத்துக்கு வந்திருந்ததை ஷஃபீகா அன்றைக்குத்தான் பார்த்தாள். அதை வாப்பா தேங்காய் எண்ணெய் தடவி மறைத்து வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

பேட்டையில் செய்யதலி பாத்திமா என்று ஒரு பெண் இருந்தாள். முப்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள். அதற்குப் பிறகு வீடுகளில் தங்கி வயதானவர்களைப் பார்த்து வந்தாள். கணவர் காஜா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எட்டு வயதில் தமீம், ஐந்து வயதில் இர்ஃபானா என்று இரண்டு பிள்ளைகள். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அவளுடைய உம்மா பார்த்துக்கொள்வாள். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஷஃபீகா அவளைத் தேடிப் போனாள்.

“எங்க வீட்டுல வேலைக்கு ஆளுன்னு போனா நிக்க முடியாது, பாத்திமா. ஆனா ஆதரவில்லாம வந்தவங்கன்னா என் உம்மா தலையில வச்சுத் தாங்குவா. அதனால ஒங்க மாப்பிள்ளை ஒங்களை விட்டுட்டுத் திருப்பூருக்குப் போயிட்டாருன்னு சொல்லுவோம். தங்க எடமில்லை, கொஞ்ச நாளைக்கு அடைக்கலம் வேணும்னு சொல்லுவோம். ஒங்க சம்பளத்தை நான் வெளியே குடுத்திருதேன்.”

பாத்திமா சிரித்துவிட்டாள். பிறகு யோசித்தாள். “பிள்ளைங்க எங்கன்னு கேட்டா?”

“பிள்ளை இல்லைன்னு சொல்லிரணும். இருக்குன்னா, அவங்களையும் இங்கன கூட்டிட்டு வான்னு நிப்பா என் உம்மா.”

அதற்குப் பாத்திமா சிரிக்கவில்லை. “ராத்தா, மாப்பிள்ளையைப் பத்தி என்ன வேணாலும் சொல்லிக்கிடுங்க. அவருகிட்டச் சொன்னா அவரும் சிரிப்பாரு. பெத்தவ வாயால பிள்ளை இல்லைன்னு எப்படிச் சொல்ல?”

“நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன். ரெண்டே மாசம். உம்மா எந்திரிச்சு நடந்துட்டா உண்மையைச் சொல்லிருவோம். என் மேல சத்தியமா.”

நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினால் என்ன செய்வது? பாத்திமா சரியென்றாள்.

எல்லாம் ஷஃபீகா நினைத்ததற்கு மேலேயே நடந்தது. கதையைக் கேட்டதும் ஹமீது பீவி படுத்த இடத்திலிருந்தே கையை நீட்டிப் பாத்திமாவின் முகத்தைத் தடவினாள். “பிள்ளை இல்லைன்னா விட்டுட்டுப் போவான்? அவனுக்கு நல்ல நஸீபு இல்லை, மவளே. நீ இங்கனயே இரு.” முதல் இரண்டு நாள் விருந்தாளி. மூன்றாம் நாள் பாத்திமா தானாகவே அடுப்படிக்குப் போனாள். நான்காம் நாள் உம்மாவின் புண்ணைக் கழுவி மருந்து போட்டாள். அடுத்த ஞாயிறு ஷஃபீகா போனபோது, ஹமீது பீவி மகளை அருகில் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னாள்: “நான் அவளை வேலை வாங்குதேன்னு நினைச்சிராதே. கை சும்மா இருந்தா அந்தப் புள்ள அழுதுக்கிட்டே இருக்கும். அதுக்காகத்தான் விடுதேன்.”

ஷஃபீகாவுக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, பல மாதங்களுக்குப் பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கருங்குளத்தில் இறங்கி ஏறுகிறவர்களைப் பார்த்தாள். வாழைத்தோப்புகளைப் பார்த்தாள். கெட்டிக்காரத்தனம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

பதினைந்து நாளுக்கு ஒருதரம், “ஒரு மாத்தமா இருக்கட்டும்” என்று சொல்லிப் பாத்திமாவைத் தன்னோடு மேலப்பாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாத்திமா பேட்டைக்கு ஓடிவிடுவாள். மறுநாள் சாயங்காலம் திரும்பி ஏரலுக்குப் போகும்போது அவள் பையில் பிள்ளைகள் சம்பந்தமான ஒன்றுகூட இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருதரம் தமீம் வரைந்து கொடுத்த படம் ஒன்று பையில் இருந்துவிட்டது. ஷஃபீகாதான் பார்த்து எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “அடுத்த தடவை தாரேன்” என்றாள். பாத்திமா பையின் வாயை இழுத்து மூடினாள்.

மற்ற நாட்களில் அவள் பிள்ளைகளோடு பேச, கொல்லைப்புறத்துக் கிணற்றடிக்குப் போவாள். உம்மாவுக்குக் காது கூர்மை. “யாருகிட்டம்மா பேசுதே?” என்று கேட்டால் “எங்க உம்மாகிட்ட” என்பாள். ஹமீது பீவிக்கு அந்தக் குரலில் இருந்த கொஞ்சல் பிடிபடாமல் இருந்ததா, இல்லையா? யாருக்குத் தெரியும்.

நோன்பு வந்தது. பாத்திமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹமீது பீவி வாக்கரில் நாலு எட்டு வைத்தாள். நோன்பு பாதிக்கு மேல் போனபோது அடுப்படி வரை நடந்தாள். இரண்டு மாதம் முடிந்துவிட்டது. பாத்திமா போனில் கேட்டாள்: “ராத்தா, மாமி இப்ப நடக்காங்க. சொல்லிருவோமா?”

“பெருநா கழியட்டும்” என்றாள் ஷஃபீகா. பெருநாளும் கழிந்தது. அவள் சொல்லவில்லை. வாப்பாவின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. உம்மா புண் ஆறிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை ஏன் கலைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்ல ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு நாள் காலண்டரில் இல்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் ஹமீது பீவி கட்டிலில் உட்கார்ந்தபடியே தன் ஃபித்ரா அரிசியைத் தன் கையாலேயே அளந்து பாத்திமாவிடம் கொடுத்தாள். நோன்பு முடியும்போது இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அரிசி. “ஒன்னைவிட யாருக்கும்மா இதுல உரிமை?” என்றாள். பாத்திமா அதை அப்படியே பொட்டலம் கட்டி, அடுத்த முறை மேலப்பாளையம் வந்தபோது ஷஃபீகாவின் மேஜைமேல் வைத்தாள்.

“எனக்கு வாங்கத் தகுதி இருக்கோ இல்லையோ, அது எனக்கும் அல்லாவுக்கும். ஆனா இது பொய் சொல்லி வாங்குனது, ராத்தா. என் பிள்ளைங்களுக்கு இதை ஆக்கிப் போட மாட்டேன்.”

ஷஃபீகா அந்தப் பொட்டலத்தைத் தன் வீட்டு அரிசியோடு கலக்கவும் முடியாமல், வேறொருவருக்குக் கொடுக்கவும் கூசி, அலமாரிக்குள் தள்ளிவைத்தாள்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பாத்திமாவின் குரல் கிணற்றடியிலிருந்து கிசுகிசுப்பாகக் கேட்டது. “ராத்தா, இர்ஃபானாவுக்குக் காய்ச்ச. நேத்துல இருந்து விடவே இல்லையாம். நான் போகணும்.”

மறுநாள் ஒரு வழக்குக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள். வக்கீல் ஐந்து பிரமாணப் பத்திரங்களை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். “காய்ச்சதானே பாத்திமா. ஒங்க உம்மாகிட்டச் சொல்லி மாத்திரை குடுக்கச் சொல்லுங்க. சனிக்கிழமை விடிய நானே வந்திருதேன். ரெண்டு நாளுதானே. நீங்க சட்டுனு கெளம்புனா உம்மா என்ன ஏதுன்னு கேப்பா.”

“சரி ராத்தா” என்று மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு வாப்பா கூப்பிட்டார். அவர் தானாகக் கூப்பிடுகிற ஆள் இல்லை. “நீ வா” என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

ஷஃபீகா வக்கீலிடம் சொல்லிவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். ஏரல் வீட்டுக்குள் நுழைந்தபோது பாத்திமா இல்லை. அவள் பையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி உம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். ஷஃபீகாவைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள். ஹமீது பீவியின் தலைமுடி பாதி சீவியும் பாதி சீவாமலும் தோளில் கிடந்தது.

“ஒக்காரு” என்றாள் உம்மா.

நடந்ததை அவளே சொன்னாள். காலையில் பாத்திமா பின்னால் உட்கார்ந்து அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அந்தப் புள்ள முகம் சரியில்லை. சந்தோஷப்படுத்தலாம் என்று, தான் பல நாளாக மனசில் வைத்திருந்ததை ஹமீது பீவி வெளியே சொன்னாள். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு நல்ல ஆள். மனைவி மவுத்தாகித் தனியாக இருக்கிறவர். ஜமாஅத்தில் பேசி, விட்டுவிட்டுப் போனவனோடான கல்யாணத்தை முறைப்படி ரத்து செய்துகொண்டால், அவரையே பேசி முடிக்கலாம்.

“‘அவருக்கு ரெண்டு பிள்ளை இருக்கும்மா, பிள்ளை இல்லாத ஒனக்கு ரெண்டு பிள்ளையாச்சு’ன்னேன். அப்ப அவ போன் அடிச்சுது. எடுத்தா. சீப்பு கீழ விழுந்துச்சு. ‘எம் பிள்ளைக்கு வலிப்பு வந்துட்டாம்’னு கத்துனா. எந்தப் பிள்ளைக்குன்னு கேட்டேன். என் காலைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னா. மன்னிச்சிருங்க மன்னிச்சிருங்கன்னு எங்கிட்டக் கெஞ்சுதா. அவ எங்கிட்ட எதுக்குட்டி மன்னிப்புக் கேக்கணும்?”

ஷஃபீகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க வாப்பா கார் பிடிச்சு அவளை அனுப்பி வச்சாரு. நீ எங்கிட்ட ஆளு வேணும்னு சொல்லியிருக்கலாம்லா.”

“சொன்னேன் உம்மா. மூணு பேரை அனுப்புனேன்.”

“ஆமா. நாந்தான் திருப்பி அனுப்புனேன்” என்றாள் ஹமீது பீவி. அவள் குரலில் இருந்த கோபம் சட்டென்று யார்மேல் போவது என்று தெரியாமல் நின்றது. “எம் பிடிவாதத்துக்கு நீ என்னைய ஏமாத்தியிருக்கலாம். அது சரி. ஒரு தாயைப் பிள்ளை இல்லாதவன்னு ஆக்கிட்டியே. ரெண்டு மாசமா அவ பிள்ளை வரணும்னு நான் துஆ கேட்டுக்கிட்டிருந்தேன். அவ பக்கத்துல உக்காந்து ஆமீன் சொன்னா.”

ஷஃபீகா பாதியில் நின்ற தலையைச் சீவிவிடலாம் என்று சீப்பை எடுத்தாள். “வேண்டாம்” என்று உம்மா தலையை நகர்த்திக்கொண்டாள்.

மீரா முகைதீன் கொல்லைப்புறத்தில் நின்றிருந்தார். ஷஃபீகா போய்ப் பக்கத்தில் நின்றாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை.

“எனக்கு நாலாம் நாளே தெரியும்” என்றார்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“ஒங்க உம்மாவை அவ தூக்குன விதத்தைப் பாத்தேன். இடுப்புல கையைக் குடுத்து, தன் முட்டியை மடக்கி… ஆஸ்பத்திரியில தூக்குவாங்கள்லா, அதே மாதிரி. வீட்டுப் பொம்பளை யாரும் அப்படித் தூக்க மாட்டா. கிணத்தடியில அவ பேசுததையும் கேட்டேன். பிள்ளையைக் கொஞ்சுத மாதிரிக் கொஞ்சிக்கிட்டிருந்தா.”

“ஏன் வாப்பா கேக்கல?”

“அன்னைக்கு ராத்திரி தூங்குனேன்மா. ஒங்க உம்மா விழுந்த நாள்ல இருந்து நான் தூங்கல. கேட்டா அவ போயிருவா. அதான் கேக்கல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாத்திமாவுக்குக் குடுத்தது சேராதேன்னு, ஒங்க உம்மா ஃபித்ராவை நான் இன்னொருதரம் வேற வீட்டுல குடுத்துட்டேன். அவகிட்டச் சொல்லிராதே.”

மகளும் வாப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பொய் ஒன்றுதான். அதில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல் வந்ததற்காகவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனாள். காய்ச்சல் ஏறியதால் வந்த வலிப்பு, இனிப் பயமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இர்ஃபானா கையில் ஊசிக் குழாயோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பாத்திமா குழந்தையின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஷஃபீகாவைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. வார்டு வாசலில் காஜாதான் எதிர்ப்பட்டார். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை.

“நீங்கதானா ஏரல் ராத்தா?” என்றார். “நான் எந்த ஊருக்கு ஓடிப் போனதாச் சொன்னீங்க?”

“திருப்பூரு” என்றாள் ஷஃபீகா.

“திருப்பூரா.” அவர் ஏதோ வழி விசாரித்தவருக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினார். “புள்ளைக்கு வலிப்பு வந்தப்ப நாந்தான் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியாந்தேன்.”

ஷஃபீகா பாத்திமாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அழுதாள். கொண்டுபோயிருந்த தமீமின் படத்தைக் கொடுத்தாள். பாத்திமா அதை வாங்கி, மடிப்பை நீவி, தலையணைக்கு அடியில் வைத்தாள்.

“மாமிக்கு மத்தியான மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்ன குடுக்கணும்” என்றாள். “புண்ணு ஆறுன எடத்துல தோல் மெல்லிசா இருக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பைய திருப்பிப் படுக்க வைங்க. நான் இனிமே வர மாட்டேன், ராத்தா.”

இரண்டு வாரம் ஷஃபீகா சம்பளமில்லாத விடுப்பில் ஏரலில் இருந்தாள். மகள் தூக்குவது ஹமீது பீவிக்கு வலித்தது. சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு நாள், கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, “வேலைக்கு ஆளு வரட்டும்” என்றாள். “வேலைக்குன்னு சொல்லி வரட்டும். வந்ததும் அவ பிள்ளைங்க பேரைக் கேப்பேன். சரியாச் சொல்லணும்.”

சாயர்புரத்திலிருந்து டார்லின் வந்தாள். காலை எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் போவாள். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான், மகள் பத்தாம் வகுப்பு என்று முதல் நாளே எல்லாம் சொன்னாள். நல்ல கை, சுத்தமான வேலை. ஹமீது பீவி அவளைத் திருப்பி அனுப்பவில்லை. சேலையும் கொடுக்கவில்லை. குளிப்பாட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, “ஆச்சா?” என்று மட்டும் கேட்பாள். சமையலில் அந்த இரண்டு பேருக்கான மிச்சம் இப்போது இல்லை. மீரா முகைதீன் தூங்குகிறார். எல்லாம் முறையாக நடக்கிறது.

ஷஃபீகா ஞாயிறு தோறும் தவறாமல் போகிறாள். அசதி என்று இருப்பதில்லை. கட்டிலருகே உட்கார்ந்து உம்மாவின் முகத்தைப் பார்க்கும்போது, அவளுக்கு ஒரு நினைப்பு வரும். அதை அவள் அனஸிடம்கூடச் சொன்னதில்லை. முறிந்த எலும்போடு உம்மா கடைசியாகச் சந்தோஷமாக இருந்தது அந்தப் பத்து வாரம்தான். யாருக்கோ தான் ஆதரவாக இருக்கிறோம் என்று நினைத்திருந்த பத்து வாரம். அதைக் கொடுத்தவளும் ஷஃபீகாதான். பறித்தவளும் அவள்தான். அதற்கான விலையைக் கொடுத்தது, பெற்ற பிள்ளைகளை மறைத்து நின்ற வேறொருத்தி.

உம்மா சில நேரம் கேட்பாள்: “பாத்திமா பிள்ளைக்கு எப்படி இருக்காம்?” ஷஃபீகா போன் போட்டால் பாத்திமா எடுப்பதில்லை. “நல்லாயிருக்காம் உம்மா” என்று சொல்ல நாக்கு வரும். அடக்கிக்கொண்டு, “தெரியலை உம்மா, போனை எடுக்கலை” என்று சொல்கிறாள். உம்மா தலையாட்டிக்கொள்வாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்தில் அவள் பாத்திமாவைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளும் கூட இருந்தார்கள். இர்ஃபானா நன்றாகத் தேறியிருந்தாள். ஒரு கையில் ஐஸ், மறு கையில் உம்மாவின் புர்கா நுனி. ஷஃபீகா நடந்துபோய் எதிரே நின்றாள்.

“எப்படி இருக்கீங்க, பாத்திமா?”

“இருக்கேன் ராத்தா. மாமி நடக்காங்களா?”

“நடக்கா. ஒங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கா.”

பாத்திமாவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. “சலாம் சொன்னேன்னு சொல்லுங்க” என்றாள்.

இர்ஃபானா உம்மாவின் புர்காவை இழுத்தாள். “யாரும்மா இவங்க?”

பாத்திமா குனிந்து குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். “உம்மா வேலை பாத்த வீட்டுக்காரங்க” என்றாள்.

ஏரல் பஸ் ஹாரன் அடித்தது. ஷஃபீகா ஏறி, நின்றுகொண்டே போனாள். உட்கார இடம் இருந்தது. செய்துங்கநல்லூர் வரை அவளுக்கு அது தோன்றவில்லை.